அய்யாவு ஆஜர்

மேட்டுத் தோட்டத்தில் ஒரு ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி, விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் பேரைக் கூப்பிடும்போது "இருக்கேங்க" என்று ஒரு சத்தம் வருவதுதான். சத்தம் வந்தால் இருக்கிறான். வராவிட்டால் இல்லை. மூச்சு, நாடி என்பதெல்லாம் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸருடைய சொந்த அபிப்பிராயம்.

மலாய் தேசத்தில், தெப்ராவிலிருந்து உள்ளே போகிற செம்மண் சடக்குப் பாதையில், சுங்கை லாலாங் என்ற சின்ன ஊரைத் தாண்டி ஒன்பது கட்டை, அதாவது ஒன்பது மைல், போனால் அந்த ரப்பர்த் தோட்டம். உலகமெல்லாம் நடந்த முதல் பெரிய சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம். விடியுமுன் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். முந்நூறு பேரும் ஆபீஸ் வாசலில் வரிசை கட்டி நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பேர். காளியப்பன் கங்காணி அரிக்கேன் விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேர் படிப்பார். பதில் சொல்லாதவனுக்கு அன்றைக்கு அரிசி இல்லை. மூன்று நாள் சொல்லாதவன் ஓடிப்போனவன். அவனைப் பிடிக்கச் சொல்லி மாத்தா-மாத்தாவுக்கு, அதாவது போலீசுக்கு, கடிதாசி போகும். காய்ச்சலில் கிடப்பவனும் வந்து பதில் சொல்லிவிட்டுத்தான் போய்ப் படுக்க வேண்டும் என்பது சட்டம்.

அப்படிப்பட்ட சட்டத்தோடு குடித்தனம் நடத்த ஜனங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் படுத்தால் இன்னொருவர் பதில் சொல்லிவிடுவது. அவருடைய மரங்களையும் சேர்த்துச் சீவிவிடுவது. பிள்ளை பெற்றவளுக்கு நாத்தனார் சொல்வாள், கால் வீங்கினவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சொல்வான். காளியப்பனுக்கு எல்லாம் தெரியும். முந்நூறு பேருக்கு முந்நூறு சத்தம் வந்தால் அவருக்குப் போதும், அது யார் தொண்டையிலிருந்து வந்தால் என்ன? தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கோ அந்த முந்நூறும் ஒரே தொண்டைதான்.

ராஜம்மா போன மழைக்காலத்தில் தன் புருஷன் அய்யாவுக்காகப் பதினோரு காலை பதில் சொன்னவள். முந்தானையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, தொண்டையை இறுக்கிக் கட்டைக் குரலில் "இருக்கேங்க" என்பாள். அய்யாவு பிழைத்து எழுந்தார். அதனால் அந்த வார்த்தைக்கு மருந்தைவிடக் கொஞ்சம் சக்தி அதிகம் என்று அவள் மனசில் ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. பாவம், அந்த நம்பிக்கைதான் அவளைக் கூண்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நடந்தது இதுதான், கண்ணுகளா. அய்யாவு காண்டாக்கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் வாளி நிறையப் பாலோடு வந்துகொண்டிருந்தார். எதிரே பெரிய துரை. துரையைப் பார்த்தால் கூலி ஓரமாக நின்று இரண்டு கையாலும் சலாம் போட வேண்டும். போடாவிட்டால் குற்றம். இரண்டு கையையும் எடுத்தால் பால் கொட்டும். கொட்டினாலும் குற்றம். அய்யாவுக்கு யோசிக்கக் கிடைத்தது மூன்று எட்டு தூரம். பால் துரையுடையது, சலாம் தன்னுடையது, துரையுடைய பொருளைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்று நல்ல வேலைக்காரனாக முடிவு செய்து, தலையை மட்டும் குனிந்தார்.

துரையின் பிரம்பு அவர் முதுகில் ஒன்பது தரம் இறங்கியது. ஒன்பதாவதில் பிரம்பு முறிந்தது. அதற்குப் பிறகு துரைக்குப் பூட்ஸ் இருந்தது. கீழே கிடந்தவரின் விலாவில் அது எத்தனை தரம் இறங்கியது என்று யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டியவர் காளியப்பன். அவர் அப்போது வேறு பக்கம் திரும்பி நின்றார்.

அய்யாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் போட்டார்கள். சிறுநீரில் ரத்தம் போயிற்று. டிரெஸ்ஸர் விளக்கெண்ணெய் கொடுத்தார். "ஆளை அசைக்கப்படாது. வண்டியில கிண்டியில ஏத்தினீங்கன்னா ஊர் போய்ச் சேர மாட்டான்" என்றார். நான்காம் நாள் ஒரு மாத்தா வந்து ஒரு காகிதத்தை அய்யாவின் நெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

அடிபட்டவன் முதலில் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போய்விடக் கூடாதே என்று, அடித்தவர் முதலில் போய்விடுவது துரைமார் வழக்கம். ராஜம்மா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சுங்கை லாலாங்குக்கு நடந்தாள். கச்சேரி வாசலில் தேநீர்க் கடை வைத்திருந்த உதுமான் பாய்தான் ஏழைகளுக்குக் காகிதம் படித்துச் சொல்பவர், மனு எழுதுபவர். நாகூர்ப் பக்கத்து மனிதர். தேநீரை ஆற்றுகிற வேகத்தில் மனுவையும் எழுதுவார்.

உதுமான் படித்தார். "'கனம் துரையவர்களின் வெள்ளிப்பூண் போட்ட மலாக்காப் பிரம்பை, மேற்படி கூலி அய்யாவு தன் முதுகினால் முறித்து நாசம் செய்த குற்றத்துக்காக, வரும் திங்கட்கிழமை ஆஜராக வேண்டியது.'"

ராஜம்மாவுக்குப் புரியவில்லை. "முதுகாலயா பாய்?"

"முதுகாலதான் தங்கச்சி. நல்லவேளை, பூட்ஸைக் கடிச்சான்னு எழுதல."

"அவரால எந்திரிக்கவே முடியலியே."

உதுமான் குவளையைக் கீழே வைத்தார். "அப்ப நல்லாக் கேட்டுக்க. பேரை மூணு தரம் கூப்பிடுவாங்க. மூணுக்கும் சத்தம் இல்லேன்னா வாரண்டு. வண்டியில தூக்கிப் போட்டு இழுத்துக்கிட்டு வந்துருவாங்க."

"வண்டியில ஏத்தினா செத்துருவாருன்னு டிரெஸ்ஸர் சொன்னாரு பாய்."

"அதான் சொல்றேன். மொத தரம் கூப்பிட்டதுமே நீ எந்திரிச்சு, 'வர முடியலீங்க துரை, அவரால எந்திரிக்க முடியல'ன்னு சொல்லு. இவ்வளவுதான். அழுவாதே, கால்ல விழுவாதே, வேற ஒரு வார்த்தை பேசாதே. மிச்சத்தை நான் மனுவில எழுதி நீட்டுறேன்."

திங்கட்கிழமை பெரட்டுக்கு முன்னாலேயே ராஜம்மா கிளம்பினாள். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வாசலில் நின்று, "நீ போ புள்ள. ஒம் பேர நான் பாத்துக்கிறேன், அண்ணனுக்குக் கஞ்சியும் நான் குடுத்துக்கிறேன்" என்றாள். ஒன்பது கட்டையும் ராஜம்மா அந்த ஒரே வரியைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். வர முடியலீங்க துரை. அவரால எந்திரிக்க முடியல. பாலத்துக் கம்பியிடம் சொல்லிப் பார்த்தாள், மேய்கிற மாட்டிடம் சொல்லிப் பார்த்தாள். மாடு மறுக்கவில்லை.

நீதித்துரை வந்து இறங்கினார். பெரிய துரையின் மோட்டாரில், பெரிய துரையோடுதான் இறங்கினார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் தங்கியிருந்தது பெரிய துரையின் பங்களாவில். அந்த வட்டாரத்தில் நீதி தங்குவதற்கு ஏற்ற வீடு வேறு கிடையாது. கச்சேரிக்குள் பங்கா ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் காற்று நீதித்துரையின் மேடையைத் தாண்டி, பெரிய துரை உட்கார்ந்திருந்த நாற்காலி வரைக்கும் வந்து, கூலிகள் நிற்கும் கூண்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுகொண்டது.

டவாலி போட்ட ஆள் வாசலில் நின்று இழுத்துக் கூப்பிட்டான்.

"அய்... யாவூ!"

அதே ராகம். காளியப்பன் இழுக்கிற அதே இழுப்பு. ஒன்பது கட்டை பாடம் பண்ணிய வரி எங்கே போயிற்றோ தெரியாது. அவள் தொண்டை தானாக இறுகியது, முதுகு தானாக நிமிர்ந்தது, கட்டைக் குரலில் அவள் வாய் சொல்லிவிட்டது.

"இருக்கேங்க!"

கச்சேரி ஏடு எழுதும் கிராணி குறித்தார்: அய்யாவு ஆஜர்.

வெளித் தூணோரம் மனுவோடு நின்ற உதுமான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கூண்டில் ஏற்றப்பட்ட பிறகுதான் ராஜம்மாவுக்கு நடந்தது புரிந்தது. "ஐயா, சாமி, நான் அய்யாவு இல்லீங்க. அவரு பொஞ்சாதிங்க. வாய் தவறிப் போச்சுங்க. பெரட்டுல சொல்லிச் சொல்லிப் பழக்கங்க."

துபாசி அதை இங்கிலீஷில் சொன்னார். நீதித்துரை சொன்னதைத் தமிழில் திருப்பினார். "இங்கே எழுதியதை அழிக்க வழி இல்லை. அழிக்க ஆரம்பித்தால் நீதிக்கு எல்லை ஏது? ஆகவே, நீ அய்யாவு அல்ல என்றால் சத்தியம் செய்து சொல்."

ஒரு தகரப் பெட்டி வந்தது. வெள்ளைக்காரர் வேதப் புத்தகத்தைத் தொட்டால் போதும். மற்ற ஜாதிகளுக்கு எதைத் தொட்டால் உண்மை வரும் என்று நிச்சயம் இல்லாததால், எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார்கள். சூடம், மஞ்சள் துண்டு, சோடாப் புட்டியில் கங்கைத் தண்ணீர், சீனருக்காக ஒரு சேவல். சேவல் பல வழக்குகளைப் பார்த்துக் கண் மூடிப் படுத்திருந்தது.

"எதன் மேல் சத்தியம் செய்தால் உனக்கு உண்மை வரும்?"

"சும்மாவே வருங்க."

"சும்மா வருகிற உண்மையை எழுத இந்த ஏட்டில் பத்தி இல்லை."

அவள் சூடத்தை அணைத்து, தான் அய்யாவு அல்ல என்று சத்தியம் செய்தாள். கிராணி பேனாவைத் தொட்டுக்கொண்டு, சத்தியம் செய்தவர் பேர் என்ன என்று முந்தைய வரியைப் பார்த்தார். பார்த்து எழுதினார்: 'அய்யாவு, தான் அய்யாவு அல்ல என்று சத்தியம் செய்தான்.' நீதித்துரை அதைப் படித்து மிகவும் வருத்தப்பட்டார். இத்தனை துணிச்சலான பொய்ச் சத்தியத்தை அவர் இந்த மாநிலத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் கண்டதில்லையாம்.

உதுமானுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வந்து மனுவை மேடையில் வைத்துவிட்டு உரக்கவே சொன்னார். "துரை, இது பொம்பளை! சீலை கட்டியிருக்கு, தாலி தொங்குது. அய்யாவுக்கு மீசை இருக்கு துரை, இம்மாம் பெருசு!"

நீதித்துரை எழுந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தார். துபாசி நெஞ்சில் கை வைத்து அதைச் சொன்னார்:

"இந்த மண்டபத்துக்குள் ஆண் என்றும் பெண் என்றும், மீசை உள்ளவர் என்றும் இல்லாதவர் என்றும் பேதம் கிடையாது. கூலிகள் அனைவரும் சட்டத்தின் முன் சமம். ஒரு கூலிக்கும் இன்னொரு கூலிக்கும் வித்தியாசம் பார்க்கிற குறுகிய புத்தியை, நீதி செய்ய உட்கார்ந்தவன் விட்டுவிட வேண்டும். நான் என்றைக்கோ விட்டுவிட்டேன்."

பெரிய துரை கைதட்டினார். உதுமானை வெளியே தள்ளினார்கள்.

அடுத்து அடையாளம் காட்டும் சடங்கு. பெரிய துரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கூண்டின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இவன்தான். இந்தக் கண்ணை எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன்" என்றார். தோட்டத்துக்கு வந்த இரண்டு வருஷத்தில் அவர் ஒரு கூலியின் கண்ணையும் பார்த்ததில்லை. அவர் வரும்போது எல்லாரும் குனிந்துதான் நிற்பார்கள்.

சாட்சிக்குக் காளியப்பன் வந்தார். அடித்ததைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, "அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்துருச்சுங்க" என்றார்.

"அத்தனை நேரமுமா?" என்று துபாசி தன் கணக்கில் கேட்டார்.

"பெரிய தும்மலுங்க."

கூண்டில் நிற்பது யார்? காளியப்பன் ராஜம்மாவைப் பார்த்தார். அவள் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். பெரிய துரை தொண்டையைச் செருமினார்.

"பேருக்கு யார் பதில் சொல்றாங்களோ, அவங்கதான் அந்தப் பேருங்க. எங்க வழக்கம் அதுங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள், கண்ணுகளா. துரை தன்னை அடித்தார் என்பது கூலி தரப்பு வாதமாயிற்றே, முதுகைப் பார்த்துவிடலாம் என்றார் நீதித்துரை. ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி ராஜம்மாவை மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போனாள். திரும்பி வந்து, "முதுகுல ஒரு கீறல் இல்லீங்க" என்றாள். உள்ளதைத்தான் சொன்னாள்.

தீர்ப்பு எழுதப்பட்டது. அய்யாவின் முதுகில் காயம் இல்லை. ஆகவே அவனை யாரும் அடிக்கவில்லை. பிரம்பு முறிந்திருக்கிறது; ஆகவே அவன் முறித்தான். பிரம்புக்கு மூன்று மாதம், பொய்ச் சத்தியத்துக்கு ஒரு மாதம்.

கடைசியில் நீதித்துரைக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒருவர் பேருக்கு இன்னொருவர் பதில் சொல்வதாகச் சொன்னாயே, அப்படி ஒரு மோசடி தோட்டத்தில் நடக்கிறதா? உடனே ஒரு உத்தரவு போட்டார். இனிமேல் எவரும் தன் பேருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும், மீறினால் சிறை.

ராஜம்மாவுக்கு உயிர் வந்தது. "அதைத்தாங்க நானும் சொல்றேன்! அவரு பேருக்கு நான் சொன்னது செல்லாதுங்களே!"

"உத்தரவு நாளை முதல் அமலுக்கு வரும்" என்றார் துபாசி. "ஆகவே இன்றைக்குச் சொன்ன பதில் செல்லும்."

இரண்டு துரைமாரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். ஒரே மோட்டாரில்.

சிறைச்சாலை கச்சேரிக்குப் பின்னாலேயே இருந்தது. அங்கே பேரேடு பார்ப்பவர் ஆதம். தாய் மலாய்க்காரி, தகப்பன் தமிழர். இரண்டு பாஷையும் கலந்து பேசுகிற, பயந்த மனிதர். தீர்ப்பில் அய்யாவு, ஆண் என்றிருந்தது. எதிரே சேலை கட்டியவள். அவர் அரை நாள் யோசித்து, ராஜம்மாவைப் பெண்கள் கொட்டடியில் விட்டு, ஏட்டில் இப்படி எழுதினார்: பெண்கள் நான்கு, அய்யாவு ஒன்று.

காலையும் மாலையும் அவர் பேர் கூப்பிடுவார். "அய்யாவு!" ராஜம்மா, "இருக்கேங்க" என்பாள். முதல் இரண்டு நாள் அழுதுகொண்டே சொன்னாள். பிறகு அவளுக்குள் ஒரு தெளிவு வந்தது. நான் இங்கே அய்யாவாக இருக்கிற வரைக்கும் அங்கே அவரை யாரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். நாலு மாதம் படுத்திருக்கட்டும். எழுந்துவிடுவார். போன தடவை பதினோரு தரம் சொன்னதற்கே எழுந்தாரே. அதற்குப் பிறகு அவள் நல்ல உரத்த குரலில், ஆஸ்பத்திரிக் கொட்டகை வரைக்கும் கேட்கட்டும் என்பதுபோலப் பதில் சொன்னாள். ஆதம் சந்தோஷப்பட்டார். "இந்த ஜெயில்லயே அய்யாவுதான் நல்ல கைதி லா" என்றார்.

எட்டாம் நாள் உதுமான் கம்பிக்கு வெளியே வந்து நின்றார். கையில் தேநீர், முகத்தில் களை இல்லை.

"தங்கச்சி, தோட்டத்துக்குக் கச்சேரியிலேருந்து காகிதம் போயிருக்கு. அய்யாவு ஜெயில்ல இருக்கான்னு."

"சரிதானே பாய்."

"டிரெஸ்ஸர் அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு, கட்டில்ல கெடக்கிற ஆளப் பாத்து, நீ யாருன்னு கேட்டிருக்கான். மருந்தும் அரிசியும் தோட்டத்து ஆளுக்குத்தானாம். இவரு பேரு ஏட்டுல இல்லியாம். எறக்கி வெளியில விட்டுட்டாங்க. புஷ்பவள்ளிதான் தூக்கிட்டுப் போயித் தன் வீட்டுல போட்டிருக்கு."

உதுமான் அன்றைக்கே மனு எழுதினார். மறுநாள் ஒன்று, அதற்கு மறுநாள் ஒன்று. ஊரில் எத்தனை ஆபீஸ் உண்டோ அத்தனைக்கும் எழுதினார். கடையில் பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் எழுதினார். ஒன்றுக்குப் பதில் வந்தது. 'அய்யாவு என்ற கைதி அரசாங்கப் பாதுகாப்பில் சுகமாக இருக்கிறார். தோட்டத்தில் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு படுத்திருக்கும் ஆள் வேடதாரி. அவரை எச்சரித்து வைக்கவும்.'

பன்னிரண்டாம் நாள், மாலைப் பேர் கூப்பிட்டு முடிந்த பிறகு உதுமான் வந்தபோது கையில் தேநீர் இல்லை.

"நேத்து காலையில" என்றார்.

ராஜம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே கேட்டாள். "காலையில எப்ப பாய்?"

"பெரட்டு மணி அடிக்கிற நேரமாம். புஷ்பவள்ளி மடியிலதான்." உதுமான் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் நேரா ஸ்டேசனுக்குப் போனேன் தங்கச்சி. துரை அடிச்சு ஆளு செத்துட்டாருன்னு எழுதிக்கச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் இங்க ஆளனுப்பிக் கேட்டாரு. ஆதம் சொல்லிட்டாரு, அய்யாவு நல்லா இருக்கான், இன்னிக்குக் காலையிலகூட 'இருக்கேங்க'ன்னு சொன்னான்னு. உயிரோட இருக்கிற கைதியச் செத்தவன்னு சொல்லி, துரை மேல கொலைப்பழி போட்டா எனக்கு மூணு வருசமாம். பொணத்தைப் பேர் இல்லாத ஆளுன்னு எழுதிப் பொதைக்கச் சொல்லிட்டாங்க. லயத்து வீடுகளுக்குப் பின்னாலதான்."

அவர் போன பிறகும் அவள் கம்பியை விடவில்லை. நேற்றுக் காலை. ஆதம் கூப்பிட்டபோது அவள் எத்தனை உரக்கச் சொன்னாள். அவர் அங்கே கண்ணை மூடிக்கொண்டிருக்கையில், அவள் இங்கே நின்று அவர் வாயால், சுகமாக இருக்கிறேன், என்னை யாரும் அடிக்கவில்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். மாரில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

மறுநாள் காலை ஆதம் வந்தார். "அய்யாவு!"

சத்தம் இல்லை.

"அய்யாவு!"

அவருக்கு நேர் எதிரே, இரண்டு முழத்தில், ராஜம்மா நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் தரமும் கூப்பிட்டார். "அலமாக்! ஒரு ஆளு கொறையுதே!" மணி அடிக்கப்பட்டது. காவலர்கள் மதில் ஏறிப் பார்த்தார்கள், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அய்யாவைத் தேடிக்கொண்டு ஓடியவர்கள் ராஜம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, அவள் பின்னாலும் பார்த்தார்கள்.

ஆதம் அவளிடம் கெஞ்சினார். "ஏம்மா, என் வேலை போயிரும்மா. ஒரே ஒரு வார்த்தைதானே? நேத்து வரைக்கும் சொன்னியே."

"நீங்க அய்யாவு செத்துப் போனாருன்னு எழுதுங்க. துரை அடிச்சுச் செத்தாருன்னு எழுதுங்க. அப்புறம் என் பேரக் கேளுங்க, நான் சொல்றேன்."

"எழுத முடியாதும்மா. ஜெயில் ஏட்டுல இருக்கிறவன் செத்தா, ஜெயில்ல பொணம் இருக்கணும்."

மூன்று நாள் அவளுக்குக் கஞ்சி இல்லை. கஞ்சி பதில் சொல்பவருக்குத்தான். கொட்டடியில் இருந்த சீனத்தி ஒருத்தி, பேச்சு புரியாதவள், தன் பங்கில் பாதியைத் துணியில் மறைத்து வைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் நீதித்துரையே வந்து விசாரித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, துபாசி வழியாக, இதமாகவே பேசினார்.

"நீதிமன்றம் தவறு செய்யாது என்ற நம்பிக்கையில்தான் இந்த நாடு நடக்கிறது. ஒரு கூலி செத்ததை ஒப்புக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை, தினமும் சாகிறார்கள். ஆனால் நான் தண்டித்தவன் செத்ததை, நான் தண்டிக்காத இடத்தில் செத்ததை, எப்படி ஒப்புக்கொள்வது? ஒரு தீர்ப்பு செத்துப்போகுமே!"

அன்றைக்கு மாலை முடிவு எழுதப்பட்டது. அய்யாவு சிறையிலிருந்து தப்பி ஓடிவிட்டான். அவன் தோட்டத்துக்குத்தான் திரும்புவான் என்பதால், தோட்டத்தில் தினமும் அவன் பேரைக் கூப்பிட வேண்டும். அவன் பதில் சொல்லும் வரைக்கும் விடாமல் கூப்பிட வேண்டும். அப்படியானால் கொட்டடியில் நிற்கும் இந்தப் பெண் யார்? ஏட்டில் இல்லாதவள். அனுமதி இல்லாமல் அரசாங்கச் சிறைக்குள் புகுந்தவள். இனி புகாதே என்று எச்சரித்து வெளியே தள்ளினார்கள்.

மறுநாள் அவள் ஒன்பது கட்டையும் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்து, பொழுது சாயத் தோட்டத்துக்கு வந்தாள். புஷ்பவள்ளி அவளை லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மண் இன்னும் ஆறவில்லை. மேலே மரத்துப் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து அடையாளம் வைத்திருந்தாள். "ஒம் பேரு போகல புள்ள. உத்தரவு வந்த பொறகும் நாந்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள். ராஜம்மா அந்த மங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

விடியலில் தண்டவாளம் ஒலித்தது. பெரட்டுக்குப் பெரிய துரையே வந்து நின்றார். ஒருவர் பேருக்கு ஒருவர் பதில் சொன்னால் சிறை என்ற உத்தரவைத் தன் வாயாலேயே படித்தார். பிறகு, அய்யாவைக் கூப்பிட வேண்டும் என்று வந்திருந்த புது உத்தரவைக் காளியப்பனிடம் கொடுத்தார். காளியப்பன் அதைத் தோட்டத்துக் கிராணியிடம் படிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். விளக்கை உயர்த்தினார்.

"அய்... யாவூ!"

முந்நூறு பேர் நின்றார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் பேசி வைக்கவில்லை. இருமுகிறவனும் இருமலை அடக்கிக்கொண்டான்.

"அய்யாவூ!"

ஐந்தாம் தரம் கூப்பிட்டபோது துரை, "போதும், அடுத்த பேர்" என்றார்.

காளியப்பன் காகிதத்தை நீட்டினார். "அவன் பதில் சொல்ற வரைக்கும் விடாமக் கூப்பிடணும்னு எழுதியிருக்குங்களே துரை. கச்சேரி உத்தரவுங்க." சொன்னபோது தரையைத்தான் பார்த்தார். ஆனால் விளக்கை இறக்கவில்லை. "அய்யாவூ!"

கிழக்கு வெளுத்தது. வெயில் ஏறிவிட்டால் மரம் பால் விடாது. மரம் சீவப்படாமல், தீம்பார் என்கிற மரப் பகுதி ஒன்று விடாமல், தோட்டம் முழுக்கச் சும்மா நின்றது. துரை கடிகாரத்தைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யாராவது ஒருத்தன் சொல்லித் தொலையுங்கடா!" என்று கத்தினார். "எவனாவது!"

"சொன்னா ஜெயிலுங்களே துரை" என்றார் காளியப்பன், மிகுந்த மரியாதையோடு. "அய்யாவூ!"

அத்தனை வருஷமாகச் சட்டத்தை ஏமாற்றிக்கொண்டிருந்த முந்நூறு பேரும் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதை எழுத்துப் பிசகாமல் நடத்திக் காட்டினார்கள். அய்யாவு உயிரோடு இருந்த காலத்தில் அவர் பேரை இத்தனை தரம், இத்தனை மரியாதையோடு, யாரும் கூப்பிட்டதில்லை.

இருபதாம் தரமோ முப்பதாம் தரமோ, துரை புதுப் பிரம்பால் தன் பூட்ஸையே அடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்கேடா அவன்?"

கச்சேரியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சிறையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ராஜம்மா வரிசையை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். அழவில்லை, காலில் விழவில்லை. தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"வர முடியலீங்க துரை. அவரால எந்திரிக்க முடியல."

சொல்லிவிட்டு லயத்துக்குப் பின்பக்கமாகக் கையைக் காட்டினாள். முந்நூறு தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. துரை திரும்பவில்லை.

கிராணி ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பதிலை எழுத அதிலும் பத்தி இல்லை. காளியப்பன் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் அவர் முகத்தில் ஏறியிருந்தது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உத்தரவு உத்தரவுதான்.

"அய்... யாவூ!"